ஐந்தரை மணி

பாபுராவ் தெரு லாட்ஜுகள் விளக்கணைப்பதில்லை.
இரவு பதினொன்றே முக்காலுக்கும்
ஸ்கேன் உறையை நெஞ்சோடு பிடித்தபடி
யாராவது அறை கேட்டு வருகிறார்கள்.
நான் வந்தது கம்ப்யூட்டரைப் பார்க்க.

கறுப்புத் திரை.
மேல் மூலையில் ஒரே வரி:
அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை.
கீழே கிரப் ரெஸ்க்யூ என்று எழுதி
பக்கத்தில் ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் அதுவா அப்டேட் ஆச்சுக்கா,
நான் இன்னாவும் தொடல" என்றான் தணிகைவேலன்.
எல்லோரும் சொல்வதுதான்.
பாதி நேரம் அது உண்மையும்கூட.

ஒரு டிஸ்க், இரண்டு குடித்தனம்.
விண்டோஸில் பில், அடையாள அட்டை நகல், முதலாளி.
லினக்ஸ், முதலாளி மகன் இம்தியாஸ்
மஸ்கட் போகுமுன் ஒரு ரம்ஜான் லீவில் போட்டது.
"அந்தப் பக்கம் என் ஃபைல் ஒண்ணு கீதுக்கா."
என்ன ஃபைல் என்று நான் கேட்கவில்லை.

கதவு கதவாகத் தட்டினேன்.
ஐந்தாவது: தெரியாத கோப்பு முறை.
ஆறாவது: தெரியாத கோப்பு முறை.
மின்விசிறிக்கு அடியிலேயே வேர்த்தது;
மே மாத வேலூரில் இரவு என்று தனியாக ஒன்று கிடையாது.
ஏழாவது திறந்தது.

வந்த அப்டேட், தனக்கென நடுவில் ஓர் அறை தடுத்து
ஆறை ஏழாக்கிவிட்டுப் போயிருக்கிறது.
கதவு எண் மாறியதைத் தபால்காரருக்குச் சொல்லவில்லை.
வழியைத் திருத்தி நார்மல் என்று அடித்தேன்.
மெனு வந்தது. அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதோடு முடியவில்லை.
லினக்ஸிலிருந்து பில் டிரைவைத் திறந்தால்
படிக்கலாம், எழுத விடாது.
"ஷட்டவுன் பண்ணித்தானே வெச்சேன்?"
அது அணைவதில்லை தணிகை, கண்ணை மூடிக்கொள்கிறது,
காலையில் சீக்கிரம் எழுந்துவிட.
இருநூற்று நாலுக்காரர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு
ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறாரே, அதுபோல.
அறையில் ஆளில்லை. அறை காலியும் இல்லை.
சட்டென்று புரிந்துகொண்டான்.

அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
சுவரில் ஒன்று பத்து.
விண்டோஸில் ஏழு நாற்பது, நேற்றைய தேதி.
"அது அப்பப்போ அப்டித்தான்க்கா,
பாத்தா நானே மாத்தி வெச்சுருவேன்."

போர்டில் இருப்பது ஒரே கடிகாரம்.
ஒன்று அதில் கிரீன்விச் என்று எழுதிவைக்கிறது,
மற்றது காட்பாடி என்று படிக்கிறது.
இரண்டும் பொய் சொல்லவில்லை.

அப்பப்போ என்றால் எப்போது?

போன செவ்வாய், விடிய ரெண்டரைக்கு,
ஹவுரா வண்டி தாமதமாகி வந்தவர்.
மெஷினில் திங்கள் இரவு ஒன்பது.
காலையில் இவன் மணியைத் திருத்தினான்.
அன்றிரவே பதினொன்றுக்கு அவர் காலி செய்தபோது
மெஷின் இருபத்தாறு மணி நேரம் கண்டது,
இரண்டு நாள் வாடகை போட்டது.
அறுநூற்றைம்பது கூடுதல்.
ஒன்றும் கேட்காமல் எண்ணிக் கொடுத்திருக்கிறார்.
"மூட்டைய முதுகுல மாட்டிகினே கொடுத்தாருக்கா."

நீயும் ஊர் நேரத்தையே எழுது என்று
லினக்ஸுக்குச் சொல்லிவைத்தேன்.
மெனுவுக்குப் பத்து நொடி கொடுத்தேன்.

என் எதிரிலேயே ஃபைலைத் திறந்து சரிபார்த்தான்.
கேட்டுக் கேட்டு எழுதிய வங்காளம், எதிரே தமிழ்,
நானூற்றுப் பத்து வரி.
ஜொல், தண்ணி.
கூம், தூக்கம்.
பேத்தா, வலி.
கால், நேற்று.
கால், நாளை.

ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?
"ஆமாக்கா. மூஞ்சியப் பாத்துதான்
எதுன்னு தெரிஞ்சிக்கணும்."

என் கூலியை எடுத்துவைத்தான்.
பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை நகலைத் தேடினான்.
நம்பர் எட்டு எட்டு பூஜ்யத்தில் தொடங்கியது.
"இப்போ கூப்பிடலாமாக்கா?"

சுவரைப் பார்த்தேன். ஒன்று நாற்பது.
அவர் ஊரில் இன்னும் அரைமணி கூட.